புட்டு அல்லாத புட்டு: ஒரு பெயராய்வு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் காலைவேளையில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிளில் இருப்பது இடியாப்பம். கேட்டு வாங்க வேண்டிய பெயரோ புட்டுமாயம். சிவப்புச் சீனியும் தேங்காய்ப்பூவும் உடன் வரும். பிழிந்து எடுக்கும் பண்டத்துக்கு உதிர்ந்து விழும் பண்டத்தின் பெயர் வந்தது எவ்வாறு? ஆய்வுக்காக ஆறு முறை மாதிரி வாங்கப்பட்டது. ஆறும் அளவெடுப்பதற்குள் தீர்ந்தன.

இந்த இழப்பையே சான்றாகக் காட்டி, 'மாயம்' என்பது தூய தமிழ் என்பார் ஒரு சாரார். பசித்தவர் செய்யும் இலக்கணம் அது, தள்ளிவிடலாம்.

இந்தோனேசியாவில் இதே பலகாரம் 'புத்து மாயாங்'. மலாயில் மாயாங் என்றால் பாளைப் பூ. பினாங்கு என்பதோ பாக்கு. ஆகவே தீவுக்காரர் தங்கள் ஊர் மரத்தின் பூவையே தேங்காய்ப்பூ தூவித் தின்கிறார்கள் என்ற முடிவு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அழகான முடிவு. அதனாலேயே நம்பத் தயக்கமாக இருக்கிறது.

'புத்து' தமிழ்ப் புட்டுதான் என்பதில் நம்மவர்க்கு ஐயமில்லை. அது கப்பலேறி எவ்வளவு தூரம் போனது என்பதில்தான் சண்டை. பிலிப்பைன்ஸின் தகலோக் மொழியில் ஆவியில் வெந்த அரிசிப் பலகாரம் 'புத்தோ'. நம் புட்டே மலாய் வழியாக அங்கே இறங்கியது என்பார் சிலர். இல்லை, உள்ளூர்ச் சொல்லே என்பார் வேறு சிலர். அந்நாட்டை முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆண்ட ஸ்பானியரின் மொழியில் அதே ஒலி வாய்விட்டுச் சொல்லத் தகாத வசை. பலகாரக்காரியிடம் அவர்கள் விரலைக் காட்டித்தான் வாங்கியிருப்பார்கள் என்பது இவ்வாய்வாளரின் ஊகம்.

பெயர்க் குழப்பத்துக்குப் பினாங்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வட கேரளத்தில் இடியாப்பம் நூல்புட்டு. கொங்குநாட்டார் சந்தகை என்று சொல்லி வழக்கிலிருந்தே விலகிக்கொண்டார்கள்.

மதுரையில் வந்திக் கிழவியிடம் சொக்கநாதர் கூலியாகக் கேட்டது உதிர்ந்த பிட்டு. கிழவி பினாங்கில் கடை போட்டிருந்தால் நிலைமை வேறு. புட்டுமாயம் உதிராது. கூலி கிடைத்திருக்காது, பாண்டியனின் பிரம்படி மட்டும் தவறாமல் விழுந்திருக்கும்.