சன்னலைச் சாத்திட்டு மேகப் பாடமா, டீச்சரம்மா?

வாங்க டீச்சரம்மா, இப்பிடித் திண்ணையில உக்காருங்க. நேத்து உங்க வகுப்புப் பக்கமா வந்தேன். மேகப் பாடம் நடந்துச்சு. வெளிய மேகம் திரண்டு நிக்குது. காத்துல சார்ட்டு படபடக்குதுன்னு சன்னலைச் சாத்துனீக பாருங்க, அதுதான் சாமர்த்தியம்! நம்ம கரிசக்காட்டுப் பருத்தி மில்லுக்குப் போயி, பஞ்சாகி, கடைக்கு வந்து, உங்க அட்டையில மேகமா ஒட்டிக் கெடக்கு. நெச மேகம் ஓசியில வந்து நிக்குது. அதுக்கு உள்ள வர அனுமதியில்ல.

பிள்ளைகளுக்கு மழையப் பத்தி ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னீகளாம். ஐப்பசி பொறந்துட்டா விடியுமுன்ன எந்திரிச்சுக் கீழ்வானத்தப் பாக்குறது யாருன்னு நெனைச்சீக? சம்சாரி இல்லம்மா, உங்க மூணாங்கிளாசுதான். கலெக்டரு லீவு விடுவாரா மாட்டாரான்னு அதுக போடுற கணக்கு பெரியவகளுக்கே வராது. அதை நோட்டுல எழுதச் சொல்லுங்க. ‘மழை வரும், தட்டான் தாழப் பறக்குது’ம்பான் ஒருத்தன். ‘வராது, எங்க ஆச்சி வத்தல் காயப்போட்டிருக்கு’ம்பா ஒருத்தி. யாரு செயிச்சாகன்னு சாயங்காலம் தெரிஞ்சிரும். வானத்தை எட்டுப் பங்கு போட்டு, மேகம் எத்தனை பங்கை மூடியிருக்குன்னு கேளுங்க. வானிலை ஆபீசுலயும் அப்பிடித்தான் எழுதுறாக. சூரியனை மட்டும் நேராப் பாக்க விட்டுராதீக.

மேகத்தோட பேரு பெறகு வரட்டும். மேகத்தை வகை பிரிச்சு 1803இல் அச்சுல போட்டவரு லூக் ஹோவர்டுன்னு லண்டன் மருந்து யாவாரி. அவருக்கு யாரும் ‘கீற்று, திரள், படை’ன்னு இம்போசிஷன் குடுக்கல, அண்ணாந்து பாத்துத்தான் எழுதினாரு.

மழையை அளக்க, அடி தட்டையான, பக்கம் நேரான டப்பா ஒண்ணை வெட்டவெளியில வைங்க. காலையில எட்டரைக்கு ஸ்கேலை விட்டு அளக்கட்டும். வானிலை ஆபீசும் அந்நேரந்தான் அளக்குது. 10 மில்லிமீட்டர் பேஞ்சா ஒரு சென்ட் எடத்துல ஏறக்கொறைய 400 லிட்டர் தண்ணி. அது எத்தனை கொடம்னு கேளுங்க. வாய்ப்பாடு வரலைன்னு நீங்க முட்டி போட வச்ச பயதான் மொதல்ல சொல்லுவான். தெருக்கொழாயில தண்ணி புடிக்கிறவன் அவன்.

இடி கேட்டா மட்டும் மரத்தடியில நிக்க விடாம எல்லாத்தையும் கட்டடத்துக்குள்ள ஓட்டிருங்க. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவுல மூணு விநாடின்னா ஒரு கிலோமீட்டர். அதை உள்ள இருந்தே எண்ணலாம்.

அதிகாரி வந்து, “வகுப்பு ஏன் காலியாக் கெடக்கு?”ன்னு கேட்டா பயப்படாதீக. “கெழக்க நாலு மேகம் புதுசா வந்திருக்குங்கய்யா, பிள்ளைக அட்டெண்டன்ஸ் எடுக்கப் போயிருக்கு”ன்னு சொல்லுங்க.