கதவு யாரு கையில, அதைப் பாரு கண்ணு

அடுத்த தொத்து வந்தா எந்த நாட்டுல இருக்கறது நல்லதுன்னு, நோம்பிக்கு வந்த பசங்க திண்ணையில பட்டிமன்றம் போடறாங்க. துபாய்க்காரன் ஒரு பக்கம், சிங்கப்பூர்க்காரன் ஒரு பக்கம், மெல்பர்ன் மாப்பிள்ளை நடுவர். எங்க ஆஸ்பத்திரி பெருசு, எங்க ஊசி வெரசாப் போட்டாங்க, எங்க சாவு கம்மின்னு ஆளுக்கொரு கணக்கு போன்ல வச்சிருக்கறாங்க. நல்ல கணக்குத்தான் சாமி. பொண்ணு பாக்கப் போனவன் அவங்க ஊட்டு மாட்டை எண்ணிட்டு வந்த கணக்கு.

நான் பாஸ்போர்ட்டே எடுக்காதவன். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கால, கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கூப்பிடு தூரத்துல கெடக்கற கெழவன். ஆனா 2020 கொரோனாவுல நானும் வெளிநாடு பாத்துட்டேன், நயா பைசா செலவில்லாம. ஊடு கேரளத்துல, தென்னந்தோப்பு தமிழ்நாட்டுல. வெள்ளென எந்திரிச்சு சைக்கிள்ல போயி மட்டை பொறுக்கிட்டு வர்ற எடம். மார்ச்சுக் கடைசியில ரோட்டுல தடுப்பு வச்சாங்க. என் தென்னையை நான் பாக்கறதுக்கு பாஸ் வேணும்னுட்டாங்க. சர்க்கார் மனுவெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுக்கற அக்ஷயா சென்டரு தொறந்ததும் போனேன். பயணத்துக்கு என்ன காரணம்னு கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம் இருந்துச்சு. "தேங்கா விழுந்திருக்குதான்னு பாக்கணும்னு போடு அம்மிணி"ன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டு விவசாயம்னு தட்டுச்சு. இந்தப் பக்கத்து சர்க்கார் சரின்னா அந்தப் பக்கத்து சர்க்கார் நீ யாருன்னு கேட்டுச்சு. ஒருவழியா நான் போய்ச் சேந்தப்ப, விழுந்த தேங்காயில பாதி மொளச்சு நின்னுச்சு.

நான் தேங்காயை விட்டேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக் கணக்குப் போடற கண்ணுகளே, காசர்கோட்டுக் கதையைக் கேளுங்க. அந்த ஊர்க்காரங்களுக்குப் பெரிய வைத்தியம்னா மங்களூருதான், பக்கத்துலயே இருக்குது. 2020 மார்ச்சுல கர்நாடகம் எல்லையில, தலப்பாடியில ரோட்டை மூடுச்சு. சில ரோட்டுல மண்ணையே கொட்டி வச்சாங்க. ஆம்புலன்ஸுக்கு வழி இல்ல. ஆஸ்பத்திரி வாசலைப் பாக்காமயே செத்தவங்க உண்டு. கேரள ஐகோர்ட்டு, சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு வழக்கு. ஒரே நாடு, ஒரே ரூபா நோட்டு, அதுக்கே இந்தக் கதி. மங்களூருல எத்தனை கட்டில் இருந்து என்ன பிரயோசனம்?

அதனால நான் கேக்கறது வேற. ஊரே கதவடைக்கற அன்னைக்கு, உனக்காகத் தொறக்கறவன் யாரு? தொறக்க மாட்டேன்னு சொல்ல அவனுக்கு உரிமை உண்டா, இல்லையா?

மூணாறுக்கு வந்த இங்கிலீஷ்காரரைத் தெரியுமில்ல? 2020 மார்ச்சுல தேயிலைத் தோட்டம் பாக்க வந்தவரு. காய்ச்சல்னு ஓட்டல்லயே தனியா இருக்கச் சொன்னாங்க. மனுஷன் கூட்டாளிகளோட கெளம்பி நெடும்பாசேரி போயி ப்ளேன்லயே ஏறி உக்காந்துட்டார். கையில பாஸ்போர்ட்டு, கண்ணுல லண்டன். ரிசல்ட்டு வந்துச்சு, இறக்குனாங்க, களமசேரி மெடிக்கல் காலேஜுல சேத்தாங்க. நெஞ்சுல சளி கட்டிக் கெடந்த மனுஷனைப் பொழைக்க வச்சு அனுப்புனாங்க. அவர் ஓடிப் போக நெனச்ச ஊருல, ஏப்ரல் மாசம் அவங்க பிரதம மந்திரியே ஐசியூல படுத்திருந்தார். இந்தப் பக்கம், கொச்சியில மாட்டிக்கிட்ட 74 வயசு அமெரிக்கக்காரர் ஒருத்தர், ஊருக்கே போக மாட்டேன், என் டூரிஸ்ட் விசாவை பிசினஸ் விசாவா மாத்திக் குடுங்கன்னு ஐகோர்ட்டுல மனுப் போட்டார். அமெரிக்காவுல ஜனங்க நோயைப் பத்திக் கவலையே படறதில்லன்னு அவருக்கு விசனம். ஒருத்தர் பொழைக்கற எடத்தை விட்டு ஓடுனார், ஒருத்தர் பொழைக்கற எடத்துல ஒட்டிக்கப் பாத்தார். ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டு அவங்கவங்க பையில இருந்துச்சு. அதைக் கவனி.

நம்ம பையன் பாஸ்போர்ட்டு எங்க இருந்துச்சு? அர்பாப், அதான் அரபி முதலாளி, அவன் பீரோவுல.

2020 மே 7-ஆம் தேதி அபுதாபியில இருந்து கொச்சிக்கு முதல் ப்ளேன் வந்துச்சு. வந்தே பாரத்னு பேரு. பேரு பெருசு, டிக்கெட் காசு அவனவன் பாக்கெட்டுல இருந்துதான். மூணு நாள் கழிச்சு மாலத்தீவுல இருந்து ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் 698 பேரைக் கொண்டாந்து கொச்சியில இறக்குச்சு. அதுக்கு முன்னாடியே வெளிநாட்டு மலையாளிகளுக்கான கேரள சர்க்கார் அமைப்பு நோர்க்காவுல லட்சக்கணக்கான பேரு பதிஞ்சு காத்துக் கெடந்தாங்க. வேலை போனா விசாவும் போற நாட்டுல இருந்துட்டு, எந்த நாடு நல்ல நாடுன்னு தராசு தூக்கறது யாருக்குடா கண்ணு? தராசு அர்பாப் கையில. அந்த வருஷம் ஜூலையில குவைத்துக்காரங்க, எங்க ஜனத்தொகையில இந்தியாக்காரன் நூத்துக்குப் பதினஞ்சுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு மசோதா பேசுனாங்க. பேச்சுக்கே இங்க பாதிப் பேரு ஊட்டுல அடுப்பு எரியல.

சிங்கப்பூர்க்காரன் நெஞ்சை நிமித்தறான், எங்க நாட்டுல அந்த வருஷம் கொரோனாச் சாவு மொத்தமே முப்பதைத் தொடலைன்னு. நெசந்தான், மறுக்கல. ஆனா டார்மிட்டரியில மூணு லட்சத்துக்கு மேல கூலிக்காரங்களை உள்ள வச்சு வெளிய விடாம இருந்தாங்களே, அதுல நம்ம புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பசங்க எத்தனை பேரு? டிசம்பர்ல சர்க்காரே சொன்ன கணக்கு, நூத்துல 47 பேருக்குத் தொத்தியிருந்துச்சு. ஒரே சிங்கப்பூருதான். ஏசி ரூம்ல லேப்டாப்பு தட்டுனவனுக்கு ஒரு சிங்கப்பூரு, பங்க் கட்டில்ல மேல படுத்தவனுக்கு இன்னொரு சிங்கப்பூரு. நீ எதுல இருந்தேன்னு சொல்லிட்டு அப்புறம் பெருமை பேசு.

நடுவர் மாப்பிள்ளைக்கு வர்றேன். ஊட்டு மாப்பிள்ளை, மரியாதையாத்தான் சொல்றேனுங்க. உங்க ஆஸ்திரேலியா 2020 மார்ச்சுல சொந்த ஜனங்களையே வெளிய போகாதேன்னு பூட்டுச்சு. 2021 மே மாசம் அதை விடப் பெரிய வேலை. இந்தியாவுல மாட்டிக்கிட்ட ஆஸ்திரேலியக் குடிமகன் சொந்த ஊருக்குத் திரும்புனா அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்லேன்னா 66,600 டாலர் வரைக்கும் அபராதம்னு உத்தரவு. ரெண்டு வாரம் போல இருந்துச்சு அந்தச் சட்டம். குடியுரிமைச் சீட்டுக்கு ஃப்ரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கீங்க, பாத்தேன். நல்லா மாட்டுங்க. ஆணி கெட்டியா இருக்குதான்னு அப்பப்ப அசைச்சுப் பாருங்க.

துபாய்க்காரன் சிரிக்காதே. 2021 ஏப்ரல் 25-ல இருந்து இந்தியாவுல இருந்து வர்றவனுக்கு உன் எமிரேட்ஸ் கதவைச் சாத்துச்சு, ஆகஸ்ட் வரைக்கும். லீவுக்கு வந்தவன் எல்லாம் இங்கயே குந்திக்கிட்டான். அப்பத்தான் ஏஜெண்டுக வழி கண்டுபுடிச்சாங்க. ஆர்மீனியா போ, பதினாலு நாள் ஓட்டல்ல கெட, அங்கிருந்து துபாய் போ. பூகோளத்துல பெயிலானவன் எல்லாம் ஏரெவான் எங்க இருக்குதுன்னு வெரல் வச்சுக் காட்டுனான். சவுதிக்குப் போறவனுக்கு நேபாளம் ஒரு வழி, மாலத்தீவு ஒரு வழி. அதுலயும் கோவாக்சின் போட்டவன் பாடு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் அந்த ஊசிக்கு நவம்பர் 3-ஆம் தேதிதான் தலையாட்டுச்சு. அது வரைக்கும், உடம்புல ஏறின மருந்து செல்லும், கையில இருக்கற சீட்டு செல்லாது. எந்த ஊசி வலிக்காதுன்னு கேட்டுப் போட்ட நம்ம ஜனம், எந்த ஊசிக்கு விசா உண்டுன்னு கேட்டு வரிசையில நின்னுது.

பணக்காரனுக்கு வேற வழியும் இருந்துச்சு. பார்படாஸுன்னு ஒரு தீவு. வருஷத்துக்கு அம்பதாயிரம் டாலர் சம்பாதிக்கறவன் ரெண்டாயிரம் டாலர் கட்டுனா, கடற்கரையில உக்காந்து ஒரு வருஷம் ஆபீஸ் வேலை பாக்கலாம்னு 2020-ல கூப்பிட்டாங்க. எங்க வாளையார் செக்போஸ்ட்டுல அப்ப பாஸ் இலவசந்தான், கிடைக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு.

வாளையாரை மறக்க முடியுமா? மே மாசம் சென்னையில இருந்தும் மத்த எடத்துல இருந்தும் பாஸ் இல்லாம வந்த மலையாளத்துக்காரங்க, சொந்த மாநிலத்து வாசல்லயே வெயில்ல நின்னாங்க. ஆறுதல் சொல்றதுக்கு மூணு எம்.பி., ரெண்டு எம்.எல்.ஏ. வந்தாங்க. கூட்டத்துல ஒருத்தருக்குத் தொத்துன்னு தெரிஞ்சதும் அவங்களையும் பதினாலு நாள் ஊட்டுக்குள்ள உக்கார வச்சாங்க. ஓட்டுக் கேக்க வர்றவங்களும் ஒருக்கா உள்ள கெடந்து பாக்கட்டும்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். பாவந்தான், ஆனா சந்தோசம்.

இடுக்கிப் பக்கம் சிரிக்க ஒண்ணும் இல்ல. கம்பத்துலயும் போடியிலயும் இருந்து இருட்டோட ஜீப்பேறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியா ஏலத்தோட்டத்துக்குப் போயிட்டுப் பொழுதோட ஊடு திரும்பற பொம்பளைங்க ஆயிரக்கணக்கு. தினம் எல்லை தாண்டறாங்க, இவங்களைப் பிரவாசின்னு, அயலூர்ல பொழைக்கறவங்கன்னு யாரும் சொல்றதில்ல. ஏர்போர்ட்டு இல்லாத பொழப்பு, அதான். 2020 மார்ச்சுல வண்டி நின்னு போக, பூப்பாறைப் பக்கமிருந்து ராசிங்காபுரத்துக்கு மலங்காட்டு வழியா நடந்து வந்தவங்க காட்டுத்தீயில மாட்டிக்கிட்டாங்க. செத்தவங்கள்ல சின்னக் குழந்தையும் உண்டு. ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்கு மேல பெட்டிமுடியில மலை சரிஞ்சு தமிழ்த் தோட்டக்காரங்க லயன் வீட்டோட போனாங்க, 70 பேரு. மறுநாள் சாயங்காலம் துபாயில இருந்து வந்த ப்ளேன் கரிப்பூர்ல சறுக்கி ஒடஞ்சு 21 பேரு. இவங்க யாரையும் காய்ச்சல் கொல்லல. கிருமிக் கணக்கை மட்டும் பாத்து எடம் தேடறவனுக்கு இதையும் சொல்லி வைக்கணும்.

சரி, அப்ப ஊருக்கே வந்துடலாமான்னு கேப்பீங்க. வாங்க வாங்க. வந்தவங்களை நாங்க வரவேத்த லட்சணத்தையும் சொல்லிப்புடறேன். முந்தியெல்லாம் கல்ஃப்காரன் வந்தா சென்ட்டு பாட்டில் எங்க, டார்ச் லைட் எங்கன்னு பொட்டியைத் தொறக்கறதுக்குள்ள ஒறம்பரை நெறஞ்சுக்கும். அந்த மே மாசம் ஜன்னல் வழியா எண்ணிப் பாத்தோம், எத்தனை பேரு எறங்கறாங்கன்னு. பால்காரன் கேட்டுக்கு வெளிய வச்சுட்டு ஓடுனான். மரமேறி அந்தத் தெருப் பக்கமே வரல. வேலை போயி திரும்பிப் போக முடியாதவனுக்கு நோர்க்கா அஞ்சாயிரம் ரூபா குடுத்துச்சு. தொழில் தொடங்க 30 லட்சம் வரைக்கும் கடன் திட்டமும் இருக்குது, அதுல நூத்துக்குப் பதினஞ்சு மானியம். அதை நம்பி இந்த வட்டாரத்துல ஆட்டுப் பண்ணை வச்சவன் இருக்கான், ஷவர்மாக் கடை போட்டவன் இருக்கான். ஆடு மேய்க்கத் தெரியாதவன் ஆட்டை வித்துட்டு மறுபடியும் ஷார்ஜா போயிட்டான். நல்லா இருக்கட்டும். அவன் அனுப்பற காசுலதான் எங்க ஊரு நோம்பிக்கே பந்தல் நிக்குது.

இந்தப் பூட்டற வேலை புதுசும் இல்ல. எங்க தாத்தன் காலத்துல கண்டிச்சீமைக்குத் தேயிலை பறிக்கப் போன சனத்தை மண்டபம் கேம்ப்புல நிறுத்தி, பிளேக்கு, அம்மை இருக்குதான்னு பாத்து, ஊசி போட்டு, நாள் கணக்கா அடைச்சு வச்சுத்தான் கப்பல் ஏத்துனாங்க. கேம்ப்பு நம்ம மண்ணுல, நடத்துனது இலங்கை சர்க்காரு. போறவனுக்குக் கதவு அவன் ஊர்லயே சாத்தியிருந்துச்சு.

ஆக, போறவங்க போங்க, தடுக்கல. சம்பளம் எங்க ஓடுதோ அங்கதான் இருக்கணும், அரிசி என்ன சும்மாவா வருது? ஆனா போற நாட்டுல பாஸ்போர்ட்டு யாரு கையில இருக்கும்னு கேட்டுட்டுப் போங்க. வேலை போனா எத்தனை நாள் இருக்க விடுவான், காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிச் செலவு யாரு தலையில, ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா விசா செத்துப் போகுமா, கேளுங்க. பெரிய மால் எங்க இருக்குதுன்னு அப்புறம் கேக்கலாம். கேரளத்து அட்ரஸ்காரன் நோர்க்கா கார்டு எடுத்து வை. தமிழ்நாட்டு அட்ரஸ்காரனுக்கு அயலகத் தமிழர் நல வாரியம் இருக்குது, அதுல சேரு. எல்லையில பொறந்தவன் ரெண்டு பக்கமும் காகிதம் வச்சிருந்தா தப்பில்ல, எங்க ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான். நான் சொன்னேன்னு சொல்லாதே.

கோயமுத்தூர்ல பிளாட்டு வாங்கறதுக்காக இங்க இருக்கற தோப்பை வித்துடலாம்னு உங்களுக்குள்ள குசுகுசுன்னு பேசிக்கறதும் காதுல விழுந்துச்சு. வேண்டாம்னு சொல்லல. விக்கறதுன்னா புரோக்கர்கிட்டப் போகாம மொதல்ல என்கிட்ட வாங்க, நானே வாங்கிக்கறேன். வெலை மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.