நெல்லுச்சோறும் நானூறு கிராம் காயும்

எங்கள் அப்பத்தா காலத்தில் ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக் காட்டு வீடுகளில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உண்டு. மாப்பிள்ளை விருந்துக்கு வந்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் சோளச்சோறு, கம்பங்கூழ், ராகிக்களி. தொட்டுக்கொள்ள, சோளக்காட்டில் தானாக முளைத்துக் கிடக்கும் பண்ணைக்கீரையையோ தொய்யக்கீரையையோ பறித்துக் கடைந்து வைப்பாள். கொள்ளு இருந்தால் அன்றைக்குக் கொள்ளுப்பருப்பு, அடுத்த வேளைக்கு அதன் தண்ணீரில் ரசம்.

அதை அவள் ஆசைப்பட்டுச் சாப்பிடவில்லை. முன்னோர் உணவு என்று இன்று மேடையில் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மழை பொய்த்த வருஷத்தில் கூழ் தண்ணீராகிவிடும். கடைசியில் சாப்பிடும் பெண்ணுக்குச் சட்டி வழிப்பதுதான் மிஞ்சும். "எம்புள்ளைக மூணு வேளையும் நெல்லுச்சோறு திங்கோணும்" என்று பழனி மலையைப் பார்த்துக் கும்பிட்டவள் அவள். அப்பா மார்க்கெட்டில் கணக்கு எழுதப் போனார், பிறகு சொந்தமாகக் கமிஷன் கடை வைத்தார், தன் அம்மாவின் வேண்டுதலை நிறைவேற்றினார். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசமானபோது அந்த வேண்டுதல் ஊருக்கே பலித்தது. பசித்த வயிறுகள் நிறைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

அந்த வீட்டில்தான் இப்போது அண்ணனுக்கு ஃபேட்டி லிவர், கிரேடு 2.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒட்டன்சத்திரமும் ஒன்று. கள்ளிமந்தையம், இடையகோட்டை, அம்பிளிக்கைப் பக்கத்துத் தக்காளி, முருங்கை, சின்ன வெங்காயம், வெண்டை, கத்தரி இங்கே வந்து சேரும். வடகாடு, பாச்சலூர் வழியாக மலைக்காய் இறங்கும். வந்ததில் பெரும்பகுதி இரவோடு இரவாகக் கேரளத்துக்கு லாரி ஏறிவிடும். காலையில் அங்கே சாம்பாரிலும் அவியலிலும் கிடப்பது எங்கள் ஊர் காய். இத்தனை காயையும் ஏலம் விட்டு, மூட்டை பிடித்து, ஏற்றி அனுப்புகிறவர்களின் சாப்பாடோ நடுராத்திரி புரோட்டா. மைதா மாவும் எண்ணெயும் சால்னாவும். கூடவே ஏழெட்டு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வெயில் காலத்தில் கூல்டிரிங்க்ஸ். கால் லிட்டர் பாட்டிலில் ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை கரைந்திருக்கிறது. விடிந்தபின் வீட்டுக்குப் போய் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுப் படுத்தால் மதியம் வரை தூக்கம். கடையில் உட்கார்ந்த வேலை. அண்ணன் இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் வாழ்ந்தார்.

வலி எதுவும் இல்லை. வேறு ஏதோ காரணத்துக்கு ஸ்கேன் எடுத்தபோது தெரிந்தது. இந்த நோயின் வழக்கமே அதுதான். ஈரலில் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டினாலே நோய்க் கணக்கில் வந்துவிடும், உடம்பு காட்டிக்கொள்ளாது. பலருக்கு அது அந்த அளவிலேயே நிற்கும். சிலருக்கு வீக்கமாகி, தழும்பாகி, ஈரல் சுருங்கிப்போகும். புற்றுநோய் வரை போவதும் உண்டு. இந்த நோய் உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது மாரடைப்பு என்பதையும் டாக்டர் சொன்னார். ஈரலுக்கும் இதயத்துக்கும் கேடு ஒரே தட்டிலிருந்துதான் போகிறது.

அண்ணனை வாட்டியது நோயைவிட ஊர்ப்பேச்சு. ஈரல் கெட்டது என்றால் குடிகாரன் என்று முடிவு கட்டுகிற ஊர். அண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. சொந்தக்காரர் ஒருவர் தோளில் கைபோட்டு, "எப்பருந்து மாப்ள பழக்கம்?" என்று கேட்டதில் அவர் ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். குடிக்காதவர்களின் ஈரலிலும் குடிகாரர்களுக்கு வருகிற மாதிரியே கொழுப்பும் வீக்கமும் உண்டாவதை 1980-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யுர்கன் லுட்விக் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். இத்தனை வருஷமாகியும் அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. வெட்கத்தால் மறைக்கிறவர்கள் அண்ணனைப் போல எத்தனையோ பேர். இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பற்றி உரக்கப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

குடிக்காதவரின் ஈரலில் கொழுப்பு எப்படிச் சேர்கிறது? சாப்பிடும் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுவதும் எடுத்துச் செலவழிக்கும். ஃபிரக்டோஸில் பெரும்பங்கு ஈரலின் தலையில் விழும். தேவைக்கு மேல் வந்தால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைக்கும். மூன்று வேளை வெள்ளைச்சோறும் மைதாவும் வந்துகொண்டே இருந்தால் அதுவும் அங்கேயே போய்ச் சேரும். இது புரியாததால் எங்கள் வீட்டிலும் நடந்தது என்னவென்றால், கொழுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா முட்டையையும் நிலக்கடலையையும் நிறுத்திவிட்டு, பிள்ளை இளைத்துவிடுவானே என்று சோற்றை இன்னொரு கரண்டி கூட்டி வைத்தார். 2025-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு, இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது. கைவைக்க வேண்டிய இடம் அந்த 62.

அண்ணனைப் பார்த்த டாக்டர் நிதானமான மனிதர். மருந்துச்சீட்டு எழுதும் முன் கணக்குச் சொன்னார். அண்ணன் எடை 82 கிலோ. அதில் நூற்றுக்கு ஐந்து, அதாவது நான்கு கிலோ இறங்கினால் ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். ஏழு பங்கு, ஏறக்குறைய ஆறு கிலோ போனால் வீக்கம் தணியும். பத்துப் பங்கு, எட்டு கிலோ போனால் தழும்பும் பின்வாங்க வாய்ப்புண்டு. பட்டினி கிடந்து வேகமாக இறக்கினால் ஈரலுக்கே கெடுதல்; வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை. இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்ணுக்கு 80-க்குள்ளும் நிற்க வேண்டும். ஒல்லியாக இருக்கிறோம் என்று நம்ப வேண்டாம், நம் ஊரில் மெலிந்தவர்களுக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது என்றார். பிறகு, "நாளைக்கு நானூறு கிராம் காய்கறி சாப்பிடுங்க" என்றார். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த தட்டில் இருக்கிற அளவு அது.

டன் கணக்கில் காய் விற்கிற மனிதருக்கு நானூறு கிராம் எவ்வளவு என்று கண்ணளவில் பிடிபடவில்லை. கடையில் இருப்பது மூட்டை போடும் தராசு. அதில் நானூறு கிராம் சரியாகக் காட்டாது. அண்ணி தெருமுனைக் கடையில் நிறுத்து வாங்கி வந்து முறத்தில் பரப்பினார்கள். ஒரு கட்டுக் கீரையில் பாதி, கைப்பிடி அவரை, இரண்டு கத்தரி, ஒரு தக்காளி, கொஞ்சம் சுரைக்காய். அதுவரை அண்ணன் தட்டில் விழுந்தது சோற்றோரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டும். காய் எல்லாம் சரக்கு. சரக்கு லாரிக்குப் போகும், வீட்டுக்கு வராது.

அன்றிலிருந்து அண்ணி வைக்கும் முறையை மாற்றினார்கள். தட்டில் பாதிக்கு முதலில் காயும் கீரையும். கால் பங்குக்குக் கொள்ளு, தட்டைப்பயறு, முட்டை, அல்லது குழம்பு மீன். கடைசியில் மிச்சமிருக்கும் இடத்துக்குச் சோறு. சில நாள் சோளச்சோறு, சில நாள் சாமை. சிறுதானியம் என்றால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதுவும் மாவுச்சத்துதான். அப்பத்தா காலத்தில் பெரிய உருண்டைக் களி சாப்பிட்டார்கள் என்றால், அதற்குமுன் ஆண்கள் கிணற்றில் ஏற்றம் இறைத்துவிட்டு வந்திருப்பார்கள். அவளும் நாள் முழுக்கக் களை வெட்டியிருப்பாள். உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு அந்த உருண்டையில் பாதி போதும்.

வீட்டில் எப்போதும் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் இருக்கும். விருப்பாட்சி மலைவாழைப்பழம் போட்டது. அதை யாரும் விடச் சொல்லவில்லை. பிரசாதமாக ஒரு ஸ்பூன். தோசைக்குத் தொட்டுக்கொள்வதை நிறுத்தியாயிற்று. டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்கப் பழகியது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. இப்போது காலையில் தாண்டிக்குடிக் காபி, வெறும் கடுங்காபி. காபி ஈரலுக்கு நல்லது என்று பல நாட்டு ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. தலைக்கு மேல் மலையில் காபி விளைகிற ஊரில் இதைச் சொல்ல எனக்குச் சந்தோஷம். உறவுக்காரர்கள் கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்தார்கள். அன்புக்கு நன்றி சொல்லி, டாக்டரிடம் கேட்காமல் எதையும் குடிக்கவில்லை. சில மூலிகைகளே ஈரலைக் கெடுத்த கதைகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

நடைக்கு நேரம் கண்டுபிடிப்பதுதான் பாடு. அப்பா காலத்தில் காட்டிலிருந்து சந்தைக்கு நடை, பழனிக்கு நடை. இன்று தைப்பூசத்துக்கு எங்கள் ஊர் வழியாகப் பழனிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டத்தில் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிறோம், கால் கொப்பளிக்கிறது. அண்ணன் மாலையில் கடைக்குப் போகுமுன் தாராபுரம் ரோட்டில் அரைமணி நேரம் நடக்கிறார். எடை 76-க்கு வந்திருக்கிறது. அடுத்த ஸ்கேனில் கிரேடு 1 என்றார்கள். முழுக்கச் சரியாகவில்லை. புரோட்டாவை முழுக்க விடவும் இல்லை, சனிக்கிழமை ஒன்று.

என் கவலை மற்ற கடைக்காரர்களையும் லோடுமேன்களையும் பற்றியது. மூட்டை தூக்குகிறவருக்கு வராது என்று சொல்ல முடியாது; தூக்கம் கெட்டு, சர்க்கரை டீயில் இரவைத் தள்ளும் உடம்பு அது. 2021-ல் மத்திய அரசு இந்த நோயைச் சர்க்கரை, ரத்தக்கொதிப்போடு தேசியத் திட்டத்தில் சேர்த்தது. அதே வருஷம் தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. 2023-ல் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதையும் வந்தது. மூன்றும் நல்ல காரியங்கள். மார்க்கெட்காரர்கள் பகலில் தூங்குகிறார்கள், அதுதான் சிக்கல். மாதத்துக்கு ஓர் இரவு, ஏலம் நடக்கிற இடத்திலேயே ஒரு நாடாவும் எடைக்கருவியும் சர்க்கரைப் பரிசோதனையும் வைத்தால் போதும். யாருக்கு ஸ்கேன் தேவை என்று அங்கேயே தெரிந்துவிடும். 1955-லேயே கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரி வந்த இடம் இது. வைத்தியம் புதிதல்ல, நேரம்தான் பொருந்தவில்லை.

சாப்பாட்டுக்கு அண்ணனே ஒரு வழி பார்த்துக்கொண்டிருக்கிறார். ராத்திரி ஏலம் முடிந்ததும் ஒவ்வொரு கடையிலும் லாரிக்குத் தேறாத நல்ல காய் கொஞ்சம் மிஞ்சும். அதைக் கொடுத்தால் கீரை கடைசலும் ஒரு பெரிய கூட்டும் போடத் தயார் என்று மார்க்கெட் பக்கத்து மெஸ்காரர் சொல்லியிருக்கிறார். நாலைந்து கடைக்காரர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். "புரோட்டா வெலைக்கு மேல வெச்சா எவனும் வரமாட்டானுங்கண்ணா" என்கிறார்கள் லோடுமேன்கள். என்ன விலை வைப்பது என்ற பேச்சு இன்னும் முடியவில்லை.