வாயைக் கட்டிக்கினு நிக்கிற வேலை

ஏம்பா, உனக்கு ஆபீஸ்ல டீம் கோச்சு வேலை குடுத்துட்டாங்களாமே? சந்தோஷம். இப்டி திண்ணையில குந்து. உன்னைப் பத்தி எழுதிப் போட்டிருக்கிறதைப் பேத்தி படிச்சிக் காட்னா. பணி: அணியை ஊக்குவித்தல். விருப்பம்: மலையேற்றம், தியானம், காபி ருசித்தல். அடேங்கப்பா! காபி குடிக்கிறது எப்பலேர்ந்து தகுதியில சேந்துச்சு? நீ ஏறுன மலை எது நைனா? ஆத்துக்கு அக்கரை பழையசீவரம். அந்தக் குன்று மேல நரசிம்மரைப் பாக்கப் போயி, பாதி வழியில சோடா கேட்ட ஆளு நீ.

நம்ம திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவர்ல வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்குதே, பாத்திருக்கியா? 15 படுக்கை வெச்சி ஆஸ்பத்திரி நடத்திருக்காங்க. வைத்தியருக்கு இன்னா கூலி, கத்தி புடிக்கிறவருக்கு இன்னா கூலி, மருந்து காய்ச்சுற பொம்பளைங்களுக்கு, சவரம் பண்றவருக்கு இன்னான்னு கூட வெட்டி வெச்சிருக்காங்க. ஊக்கம் ஊட்றவருக்கு ஒரு படி நெல்லு? காணோம். பாவம், ஊக்கமில்லாமலே வைத்தியம் பாத்திருப்பாங்க போல.

கோச்சே வேணாம்னு சொல்ல வரல, கோச்சுக்காதே. 2022ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சே, அதுக்குச் சின்னமா வேட்டி கட்டுன குதிரை பொம்மை ஊரெல்லாம் கும்பிட்டுக்கினு நின்னுச்சே, அப்ப ஆர்.பி. ரமேஷ்னு ஒருத்தர் இந்தியா ‘பி’ அணிக்குக் கோச்சு. தானே கிராண்ட்மாஸ்டர். 2002ல பிரிட்டிஷ் பட்டம் ஜெயிச்சவரு. இந்தியன் ஆயில்ல இருந்த வேலையை உட்டுட்டு, பொண்டாட்டி ஆர்த்தியோட 2008ல செஸ் குருகுலம் தொறந்தாரு. அந்தம்மாவும் 1999ல 18 வயசுக்குட்பட்ட பொண்ணுங்கள்ல உலக சாம்பியன். அரசாங்கக் கம்பெனி சம்பளத்தை உட்டுட்டு அடுத்த வூட்டுப் புள்ளைங்களுக்குக் காய் நகத்தக் கத்துக்குடுக்கப் போறேன்னா, நம்மூர்ல மந்திரிக்கக் கூட்டிக்கினு போவாங்களா மாட்டாங்களா?

அவரு அணியில அஞ்சு பேரு. குகேஷ், பிரக்ஞானந்தா, ரௌனக் மூணு பேருக்கும் 16 வயசு. நிகாலுக்கு 18. அதிபன் ஒருத்தர்தான் கொஞ்சம் பெரியவரு. பலகை நாலு, ஆளு அஞ்சு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒருத்தன் வெளிய குந்தணும். யாருன்னு முடிவு பண்றது கோச்சு. சீறிக்கினு இருக்கிற பையன் கிட்ட ‘இன்னிக்கி நீ வேணாம்பா’ன்னு சொல்லிப் பாரு. உன் காபி ருசி அப்ப தெரியும்.

இன்னொண்ணு கேளு. ஆட்டம் ஆரம்பிச்சா கோச்சு வாய் தொறக்கக் கூடாது. டிரா கேக்கலாம், ஒத்துக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லலாம். பலகையில இருக்கிறதைப் பத்தி மூச்சு உடக் கூடாது. குகேஷ் மொத எட்டு ஆட்டமும் ஜெயிச்சான். பத்தாவது சுத்து உஸ்பெகிஸ்தானோட. கையில வந்த ஆட்டம் நழுவிப்போச்சு. எல்லாம் தெரிஞ்ச மனுசன் பக்கத்துல கையைக் கட்டிக்கினு நிக்கணும். நீயா இருந்தா எழுந்து கைதட்டி, ‘உன்னால முடியும்’னு கூவியிருப்பே. ஹாலை உட்டே தொரத்தியிருப்பாங்க. கடைசிச் சுத்துல ஜெர்மனியை 3-1னு அடிச்சி, வெண்கலத்தோட வந்தாங்க பசங்க. பேச வேண்டியதெல்லாம் வருசக்கணக்கா வகுப்புலயே பேசி முடிச்சவருக்கு அன்னிக்கிப் பேச இன்னா மிச்சம்?

நீ இன்னா பண்றே? வட்டமா நிக்க வெச்சி, பந்தைத் தூக்கிப் போட்டு, புடிக்கிறவன் தன் பயத்தைச் சொல்லணும்ன்றே. அவன் பயமே உன்னைப் பாத்துதான்னா எப்டி வாயில வரும்? தறியில குந்தாதவனுக்குத்தான் நெசவு யோசனை நெறைய வரும்னு என் மாமனார் சொல்வாரு. உன் ஆளுங்க செய்யிற வேலையை ஒரு நாளாவது நீ செஞ்சி பாத்திருக்கியா? தலையைச் சொறியாதே.

வர ஞாயித்துக்கிழமை உன் டீமைப் பாலாத்தங்கரைக்குக் கூட்டிக்கினு வரேன்னியாமே. வாங்க, வாங்க. எத்தினி பேருன்னு முன்னாடியே சொல்லிடு, உங்க ஆயா உலை வெக்கணும். அந்தப் பந்தை மட்டும் வூட்லயே வெச்சிட்டு வா.