கறைக் கொள்கை: கொச்சிக்கடை ரீசேர்ட் அலங்காரம் குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

வீட்டிலிருந்தபடி ரீசேர்ட்டில் பூவும் பட்டாம்பூச்சியும் வரைபவர்கள் அழகுணர்ச்சியால் உந்தப்பட்டே அதைச் செய்கிறார்கள் என்பது இதுகாறும் நிலவிவரும் கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. கொழும்பில் கொச்சிக்கடைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், கொடிகளில் காயும் உடுப்புகளை அண்ணாந்து பார்த்தபடியே, ஓட்டோக்காரரின் ஏச்சையும் பொருட்படுத்தாது நடந்து திரட்டிய சான்றுகள் ஒன்றையே உரைக்கின்றன: பூ இருக்கும் இடத்தில் முன்பு கறை இருந்தது.

முதற் சான்று இடஞ்சார்ந்தது. அலங்காரம் செறிந்து காணப்படுவது நெஞ்சுக்கும் தொப்பைக்கும் நடுவிலுள்ள பிரதேசத்தில். முதுகில் பூ வரைந்தவர் அரியர். முதுகால் சோறு உண்பவரும் அரியர். இதற்கு மேலும் விளக்கம் வேண்டுவோர் விதண்டாவாதிகள்.

வரலாறும் நமக்குச் சாதகமே. 1913இல் அமெரிக்கக் கடற்படை இந்த உடுப்பைச் சீருடைக்கு உள்ளே அணியும்படிதான் தன் ஆட்களுக்கு வழங்கியது. உள்ளே இருந்தவரை அதற்குப் பருப்புக்கறியோடு பழக்கமில்லை. 1951இல் மார்லன் பிராண்டோ ஒரு படத்தில் அதை மட்டும் போட்டுக்கொண்டு திரையில் நின்றார். உலகத்து இளைஞர்களும் மேற்சட்டையைக் கழற்றினார்கள். அன்றே கறைக்கு வாசல் திறந்தது. இலங்கையில் 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. தையலில் பிசகியதும் கணக்குக்கு மிஞ்சியதும் புறக்கோட்டை நடைபாதையில் மலிவாகக் குவிந்தன. ஐரோப்பியத் தோளுக்குத் தைத்தது கொச்சிக்கடைத் தோளில் ஏறியது இப்படித்தான். அக்குளில் ஓட்டை, தோளில் எண்ணெய்ப் பொட்டு என்று குறையோடே வந்து சேரும் இவற்றுக்காக ‘பிறவிக்கறை’ என்றொரு உட்பிரிவையே வகுக்க வேண்டியதாயிற்று.

கறையின் இரசாயனத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். மஞ்சள் பட்ட இடத்தில் சவர்க்காரம் போட்டால் அது சிவக்கும். காரம் பட்டால் நிறம் மாறுவது மஞ்சளின் குணம். விஷயம் தெரியாத இளைஞன் பதறிப்போய் மேலும் தேய்க்கிறான், அது மேலும் சிவக்கிறது. உண்மையில் அலசி நல்ல வெயிலில் போட்டால் மஞ்சள் தானாக மங்கிவிடும். வாழைக்கயர் அப்படியன்று. அது வெயிலுக்கும் மசியாது, அம்மாவுக்கும் மசியாது. வெயிலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாதவனும் வாழைக்கயரிடம் தோற்றவனும் கடைசியில் வந்து நிற்கும் இடம் பெயின்ட் டப்பாதான்.

இங்கே உருளைக்கிழங்கு மரபு தொடங்குகிறது. கிழங்கை இரண்டாக வெட்டி, முகத்தில் உருவம் செதுக்கி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, துணிச் சாயத்தை மெல்லியதாகப் பூசி அச்சிடுவது முறை. ஈரத்தை ஒற்றாவிட்டால் சாயம் நீர்த்து ஓரமெல்லாம் பரவும். ரீசேர்ட்டுக்குள் காட்போட் மட்டை வைக்காவிட்டால் நெஞ்சுப் பூ முதுகிலும் பூக்கும். புது ரீசேர்ட்டைக் கஞ்சி போகக் கழுவிக்கொள்வதும், சாயம் காய்ந்தபின் உட்புறம் திருப்பி அயன் பண்ணுவதும் கட்டாயம். எழுத்தைச் செதுக்குவோர்க்குத் தனி எச்சரிக்கை: அச்சில் இடம் வலமாகும். தமிழ் நெடுங்கணக்கில் இந்தக் கண்டத்திலிருந்து சேதமின்றித் தப்பும் எழுத்துகளில் ஒன்று ‘ப’. ஆகவே பரமேஸ்வரன்களுக்கு முதலெழுத்தளவிலாவது கவலையில்லை. வெண்டிக்காய் மரபினர் எழுத்துப் பக்கமே போவதில்லை; காயைக் குறுக்கே வெட்டினால் இயற்கையே ஒரு பூவைச் செதுக்கி வைத்திருக்கிறது. மிச்சத்தைக் கறி வைக்கலாம், சாயம் படாத பாதியை.

இனி இவ்வாய்வின் துணிச்சலான பகுதி. பத்திக் கலையை ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்து பெற்றோம் என்பது வழக்கமான வரலாறு. பின்னாளில் ஈனா டி சில்வா அதை உயரத்துக்குக் கொண்டுபோனார். பெந்தோட்டையில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய கடற்கரை ஹோட்டலின் உட்கூரைக்கே பத்திக் அணிவித்தவர் அவர். இவை எதையும் மறுக்கவில்லை. ஆயினும் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்வந்தவரின் சட்டைக் கையைப் பார்த்தவர் எவரும் மாற்றுக் கருதுகோள் ஒன்றை முன்வைக்காமல் இருக்க முடியாது. முன்னால் நிற்பவர் மெழுகுதிரியைச் சாய்த்துப் பிடிக்கிறார். பின்னால் நிற்பவர் கையில் மெழுகு சொட்டுகிறது. மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது என்பதுதான் பத்திக்கின் முழுத் தத்துவமும். ஜூன் 13 திருவிழாக் கூட்டத்தில் இந்தக் கலை எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க.

எஞ்சிய மெழுகுதிரியை வீட்டில் உருக்கிப் பயன்படுத்துவோர் அறிய வேண்டியது: திரி மெழுகு காய்ந்ததும் வெடிக்கும், வெடிப்பினூடே சாயம் நரம்பு நரம்பாக இறங்கும். அது வேண்டாமென்றால் தேன்மெழுகு கலக்க வேண்டும். கொதிசாயத்தில் போட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். குளிர்நீரிலேயே பருத்தியைப் பற்றும் சாயம் தேவை. பிரித்தானிய ஐ.சி.ஐ. நிறுவனம் 1956இல் சந்தைக்கு விட்ட புரோசியன் அந்த வகை. உப்பும் சலவைச் சோடாவும் அதற்குத் துணை. பொலியெஸ்டர் இதற்கு ஒத்துவராது. ஐயமிருப்பின் உள்மடிப்பில் ஒரு நூலை உருவிக் கொளுத்துக: கடதாசி மணத்தால் பருத்தி, உருகி உருண்டையானால் பொலியெஸ்டர். ரீசேர்ட்டை முழுதாகக் கொளுத்த வேண்டியதில்லை. கடைசியில் மெழுகை எடுக்கப் பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்து அயன் பண்ணுவார்கள். பழைய தாளாகப் பார்த்து எடுப்பது நலம். புதுத் தாளின் மை இளகி, வயிற்றில் யாரோ ஒருவரின் மரண அறிவித்தலோடு ஒருவர் திரிய நேரலாம்.

பெற்றோர் எதிர்ப்பைப் புதிதென்று எண்ணற்க. சோழமண்டலக் கரையில் சாயவேரும் கடுக்காயும் கொண்டு பூவெழுதிய துணிகள் பிரான்சை மயக்கியபோது அரசே 1686இல் தடை விதித்தது. மீறி உடுத்தவரும் தண்டிக்கப்பட்டனர். 1759இல் தடையை நீக்கினார்கள். பிரான்ஸ் 73 ஆண்டுகளில் இறங்கிவந்தது, கொச்சிக்கடை அம்மாமார் “வெளிய போட்டுட்டுப் போற உடுப்பில கை வைக்காத!” என்ற சட்டத்தை இன்னும் நீக்கவில்லை.

அச்சட்டத்தை மீறி வரையும் ஓவியர்களோ, ரீசேர்ட் நெய்த துணியன்று, இழுபடும் பின்னல் துணி என்பதை மறந்துவிடுகிறார்கள். மெலிந்தவன் கழற்றி வைத்திருக்கும்போது வரைந்த மான், அவன் அண்ணன் போட்டதும் எருமையாகிறது. கெட்டியாகப் பூசிய சாயமாயின் அந்த எருமைக்குத் தோல் வெடிப்பும் உண்டு.

வெள்ளவத்தைக்காரர் இம்முடிவுகளை ஏற்பதாயில்லை. அங்கே மணியும் சிமிக்கியும் கோத்துத் தைப்பதே மரபு, கறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். சிமிக்கிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க அனுமதி கேட்டோம். “போயிட்டு வாங்கோ தம்பி” என்று ஒரு அன்ரி கதவைச் சாத்தினார். மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பதரிது.

சாரத்தின் மீதும் இதே ஆய்வை விரிவாக்க எண்ணியிருந்தோம். மாதிரிகள் பைப்படியிலும் சந்தியிலும் தாராளமாக நடமாடுகின்றன. கழற்றித் தரத்தான் எவரும் முன்வரவில்லை.