கொலுப் பூங்கா இயல்: குரோம்பேட்டை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

கொலுப் பூங்கா என்பது நவராத்திரிக் கொலுவின் கடைசிப் படிக்கும் வீட்டார் நடமாடும் வழிக்கும் இடையே தரையில் மண் பரப்பி அமைக்கப்படும் தற்காலிக நிலப்பரப்பு. பேச்சு வழக்கில் இதன் பெயர் 'பார்க்'. படிகளுக்குச் சட்டங்கள் பல உண்டு. எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். மேலே கலசமும் தெய்வங்களும், அதற்குக் கீழே அவதாரங்கள், மகான்கள், கடைசியில் மனிதர்கள் என்று வரிசை பிசகாமல் அமைய வேண்டும். பூங்காவுக்கு உள்ள சட்டம் ஒன்றுதான்: கொண்டுவந்து வைத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இவ்வியலின் பிற கூறுகள் எல்லாம் இந்த ஒரு விதியின் விளைவுகளே.

படிக்கும் பூங்காவுக்கும் இடையே எல்லைத் தகராறு ஒன்று நிலவுகிறது. அரிசி, பருப்பு, வெல்லம் பரப்பிக் கடை வைத்திருக்கும் செட்டியார் தம்பதி படியைச் சேர்ந்தவர்களா, பூங்காவைச் சேர்ந்தவர்களா என்பதில் குடும்பங்கள் ஒத்துப்போகவில்லை. பாட்டிமார் படி என்பர். சிறுவர்கள் பூங்கா என்பர். இரவோடு இரவாகச் செட்டியார் இடம் மாறுவதும் காலையில் திரும்ப ஏறுவதும் வழக்கம்.

2. களமும் காலமும்

ஆய்வுக்களம் குரோம்பேட்டை. ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் தடமும் ஒட்டி ஓடும் இந்தப் பகுதி, முன்பு பல்லாவரம் நகராட்சியில் இருந்து 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வருகிறது. நியூ காலனி, ராதா நகர், நேரு நகர், அதையொட்டிய அஸ்தினாபுரம் ஆகிய இடங்களின் தனிவீட்டுக் கூடங்களில் பூங்கா தாராளமாகக் கால் நீட்டிப் படுத்திருந்தது. அந்த மனைகளில் அடுக்ககங்கள் எழும்பிய பிறகு, டிவி மேசைக்கும் சோபாவுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் முடங்கிக்கொண்டது. பரப்பு குறைந்ததே தவிர உள்ளடக்கம் குறையவில்லை. ஆகவே நெரிசல் மிகுந்தது.

காலம் புரட்டாசி. மகாளய அமாவாசையன்று வேலை தொடங்கி விஜயதசமியோடு முடியும். சந்திர மாதக் கணக்கு என்பதால் ஆங்கிலத் தேதி அலையும்: விஜயதசமி 2023-இல் அக்டோபர் 24, 2024-இல் அக்டோபர் 12, 2025-இல் அக்டோபர் 2. முந்தி வரும் ஆண்டுகளில் பகலில் புழுக்கம், மாலையில் இடி; பிந்தி வரும் ஆண்டுகளில் ஐப்பசி மழையே வாசலுக்கு வந்துவிடும். வானிலையைவிடப் பூங்காவைத் தீர்மானிப்பது காலாண்டுத் தேர்வு. அமாவாசைக்கு முன் தேர்வு முடிந்துவிட்டால் ஆறும் அணையும் உண்டு. நடுவில் கணக்குத் தேர்வு இருந்தால் ஒரு தட்டில் புல்லும் இரண்டு வாத்தும் மட்டுமே.

3. மண்ணியல்

நான்கடிக்கு மூன்றடிப் பரப்பில் ஓர் அங்குல உயரம் மண் பரப்ப ஒரு கன அடி மணல் வேண்டும். உலர்ந்த மணல் கன அடிக்குச் சுமார் 45 கிலோ. பதினைந்து லிட்டர் பக்கெட்டில் இரண்டு நடை. "கொஞ்சம் மண் கொண்டுவாங்கோ, போதும்" என்று சொல்லப்படும் அளவு இதுதான். மூன்றாம் மாடியில் வசிக்கும் குடும்பத்தலைவர்களுக்கு, அதைச் சுமந்து ஏறியபின் 'கொஞ்சம்' என்பதன் அளவு தெளிவாகிறது.

மணல் கிடைக்குமிடம், தெருவில் எந்த வீடு கட்டப்படுகிறதோ அதன் வாசல். கேட்டு எடுப்பது, கேட்காமல் எடுப்பது என இரு முறைகள் உண்டு. இரண்டாவதைச் சிறுவர்களே செய்வதால் அது குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. அண்மைக் காலத்தில் ஆற்று மணலுக்குப் பதில் பாறையை அரைத்துச் செய்த எம்-சாண்ட் வந்து, பூங்காவின் நிறம் பழுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறியது. அடியில் பாலித்தீன் விரிக்காத வீடுகளில் பொங்கல் வரை காலில் நறநறப்பு இருக்கும்.

4. மலையும் நீர்நிலையும்

பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோகைட் என்னும் பாறையால் ஆனவை. நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இப்பெயரை இட்டார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல்லே அதற்குக் காரணம். பூங்கா மலைகளின் உள்ளமைப்பு வேறு. அட்டைப்பெட்டி, மணை, கவிழ்த்த அடுக்கு ஆகியவை அடித்தளம். அதன்மேல் கசக்கிய பழுப்புத் தாளோ கோணிச் சாக்கோ மேலோடு. மலையின் பெயர் அதன் உச்சியைப் பொறுத்தது. பஞ்சு வைத்தால் கைலாயம். பஞ்சை எடுத்துவிட்டு வேல் நட்டால் பழனி. பக்கத்திலேயே இருக்கும் குமரன் குன்றத்தையும் திருநீர்மலையையும் மாதிரியாகக் கொள்வோர் உண்டு. அப்போது படிக்கட்டு தேவைப்படும். தீப்பெட்டிகள் அதற்கு உதவும்.

நீர்நிலை என்பது மண்ணில் புதைத்த முகம் பார்க்கும் கண்ணாடி. வீட்டில் தனியாகக் கண்ணாடி இல்லாவிட்டால் குளியலறையில் இருப்பது கழற்றப்படும். அதன் பிறகு வீட்டு ஆண்கள் பத்து நாளும் ஸ்கூட்டர் கண்ணாடியிலோ உத்தேசமாகவோ முகம் மழிக்கின்றனர். பல்லாவரம் பெரிய ஏரியை ஊடறுத்துக்கொண்டு துரைப்பாக்கம் ரேடியல் சாலை போகிறது. அதற்கிணங்க, பூங்கா ஏரியின் குறுக்கேயும் பாலம் ஒன்று போடப்பட்டு, மீதித் தண்ணீரில் வாத்துகள் நெருங்கி நிற்கும்.

5. தாவரவியல்

புல்வெளிக்குக் கடுகு, வெந்தயம், கேழ்வரகு ஆகிய மூன்றும் விதைக்கப்படும். ஊறவைத்த கடுகு இரண்டு மூன்று நாளில் முளைக்கும். கேழ்வரகு சற்றுத் தாமதித்தாலும் புல்லின் சாயலை நன்கு காட்டும். வெந்தயம் மொத்தமாகவும் நம்பகமாகவும் எழும். நவராத்திரி முடிந்ததும் கூட்டில் சேரவும் அதற்குத் தகுதி உண்டு.

கூடத்தின் மூலையில் வெளிச்சம் போதாது. இருட்டில் முளைக்கும் நாற்று பச்சையம் சேர்க்காமல் வெளிறி, ஒளியைத் தேடித் தண்டை மட்டும் நீட்டும். ஒளி ஒரு பக்கமிருந்து வந்தால் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் நிழற்பக்கம் கூடி, அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீள, தண்டு ஒளியை நோக்கி வளையும். ஆறாம் நாளில் புல்வெளி முழுவதும் அம்பாளுக்கு முதுகு காட்டி ஜன்னலை நோக்கிச் சாய்வது இதனால்தான். பாட்டி இதை அபசாரம் என்பார்; ஒன்பதாம் வகுப்புப் பேத்தி இதை ஒளிச்சார்பியக்கம் என்பாள். தட்டைத் திருப்பி வைப்பதே இரு தரப்பும் ஏற்ற தீர்வு. மறுநாள் அது மீண்டும் திரும்பிக்கொள்ளும்.

மரங்கள் செய்யப்படுபவை. துடைப்பக் குச்சி நடுத்தண்டு; பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து ஒட்டினால் இலைத்தொகுதி. அதே நாரைச் சதுரமாக வெட்டி மலைச்சரிவில் வரிசையாக வைத்தால் ஊட்டித் தேயிலைத் தோட்டம்.

6. கைவினை

பூங்காவில் விலைக்கு வாங்கியது மதிப்பில் தாழ்ந்தது; செய்தது உயர்ந்தது. ஐஸ் குச்சியால் வேலி, உடைந்த வளையல்களை அடுக்கிக் கிணறு, உப்புத்தாளை நீளமாக வெட்டித் தார்ச்சாலை, அதன் நடுவே சுண்ணக்கட்டியால் வெள்ளைக்கோடு, ஸ்ட்ராவுக்குள் சீரியல் பல்பை நுழைத்துத் தெருவிளக்கு, தெர்மகோலால் பள்ளிக்கூடம். மரத்தூளுக்குச் சாயம் போட்டு நடைபாதை இடுவதும் உண்டு. அந்தச் சாயம் மொசைக் தரையில் நிலைத்துவிட்ட வீடுகளில் எந்த ஆண்டு எந்த இடத்தில் நடைபாதை போனது என்பதை இன்றும் காட்ட முடியும்.

மரப்பாச்சிகளுக்கு உடை தைப்பதும் இப்பிரிவில் அடங்கும். திருமணச் சீராக வந்த செம்மர இணை ஆண்டுக்கொரு முறை புத்தாடை பெறும். தையலிலிருந்து மிஞ்சிய ரவிக்கைத் துண்டு பாச்சிப் பெண்ணுக்குப் புடவை. பாச்சி ஆணுக்குக் கைக்குட்டைக் கரை அங்கவஸ்திரம்.

7. அளவை

கொலுவியலின் தீராத சிக்கல் இது. ஆறங்குல மண் பொம்மை ஐந்தரை அடி மனிதரைக் குறிக்கிறது என்றால் அதன் விகிதம் பதினொன்றில் ஒன்று. கடையில் வாங்கும் சிறு உலோகக் கார்கள் ஏறக்குறைய 64-இல் ஒன்று. எனவே காரின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு உயரமுள்ள போலீஸ்காரர் அதை நிறுத்திச் சோதிக்கிறார். இரண்டங்குலம் வளர்ந்த கடுகு, காரின் கணக்கில் பத்தரை அடிக் காடு. போலீஸ்காரர் கணக்கில் முழங்காலைத் தொடும் புதர். பிளாஸ்டிக் கிரிக்கெட் வீரர்களின் விகிதம் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஆகவே அவர்களால் காரிலும் ஏற முடியாது, போலீஸ்காரரோடும் பேச முடியாது.

இச்சிக்கலுக்குச் சிறுவர்கள் கண்ட விடை, சிக்கல் இல்லை என்பதே. எது பிரியமானதோ அது பெரியது. கோயிலைவிட ரோடு ரோலர் பெரிதாக இருந்தால் ரோடு ரோலருக்குச் சொந்தக்காரர் அருகில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்.

8. போக்குவரத்தும் விலங்கினமும்

இந்த வட்டாரப் பூங்காக்களில் ரயில் தவறாது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கி, 2004-இல் அகலப் பாதைக்கு முழுதாக மாறியது. பூங்கா ரயில் எந்தக் கேஜிலும் சேராதது, வட்டமாக ஓடும், மண் புகுந்ததும் நின்றுவிடும். மீனம்பாக்கம் அருகில் இருப்பதால் விமானமும் உண்டு. மின்விசிறிக் கொக்கியிலிருந்து நூலில் தொங்கும் அதற்காகப் பத்து நாளும் விசிறி நிறுத்தப்படுகிறது. புரட்டாசிப் புழுக்கத்தில் இதைச் சகித்துக்கொள்வது வீட்டாரின் பக்தியில் சேருமா, விமானத்தின் மீதான பற்றில் சேருமா என்பது தெரியவில்லை.

சென்னையில் 1855 முதல் இருந்த மிருகக்காட்சிசாலை 1985-இல் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது. குரோம்பேட்டைப் பிள்ளைகளுக்கு அது ரயிலில் சில நிலையங்கள். பூங்காவின் நாலில் ஒரு பங்கு அடைப்புக்குள் போனதற்கு இதுவே காரணம். சிங்கமும் பசுவும் ஒரே அளவில் இருக்கும். டைனோசருக்குத் தனிக் கூண்டு உண்டு.

9. காலநிர்ணயம்

1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அதிலிருந்து தொடங்குகிறது. கோடரியில் தேதி இல்லை. கொலுப்பெட்டியில் உண்டு. பரணிலிருந்து இறக்கும் தகரப்பெட்டியின் ஒவ்வொரு பொருளும் செய்தித்தாளில் சுற்றப்பட்டிருக்கும். அது கடைசியாக எப்போது வெளியில் வந்தது என்பதைத் தாளே சொல்லிவிடும். பெட்டி திறக்கும் மாலையில் வேலை நகராததற்கும் அதுவே காரணம்: பிரித்தவர் பழைய சினிமா விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.

தாள் கிழிந்த இடத்தில் பொருளே அடையாளம். பினாக்கா பற்பசைப் பெட்டியில் வந்த குட்டி பிளாஸ்டிக் விலங்குகள் தாத்தா–பாட்டி அடுக்கைக் காட்டும். சாக்லேட் முட்டைக்குள்ளிருந்து வந்தவை பேரப்பிள்ளைகள் அடுக்கு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை, சக்கரம் ஒன்று குறைவாக, எந்த அடுக்கிலும் காணப்படும்.

10. ஆட்சியமைப்பு

படிகள் அம்மாவின் ஆளுகைக்கும் பாட்டியின் மேற்பார்வைக்கும் உட்பட்டவை. பூங்காவில் இவ்விருவருக்கும் ஆலோசனை உரிமை மட்டுமே உண்டு. "பெருமாள் பக்கத்துல பஸ் ஸ்டாண்டா?" என்பது ஆலோசனை. அப்பா சுமப்பவர். ஓய்வுபெற்ற தாத்தா பொறியியல் துறை. சி. ராஜம் 1949-இல் நிறுவிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) இருக்கும் ஊர் என்பதால் ஒயரைப் பல்லால் கடித்து இணைப்பவர்களுக்குக்கூட இங்கே பொறியாளர் மரியாதை கிடைக்கிறது. முடிவெடுப்பவர் வீட்டில் எல்லோரிலும் இளையவர். ஆண்டின் மற்ற நாள்களில் எதையும் தீர்மானிக்க இயலாத ஒருவருக்கு ஊர், மலை, ரயில் எல்லாம் ஒருசேர ஒப்படைக்கப்படும் ஒரே ஏற்பாடு இது. மாடி வீட்டுப் பையன் கொண்டுவரும் உடைந்த ஜேசிபியை அவர் மறுப்பதில்லை. அதற்காகப் பள்ளமே தோண்டப்படும்.

11. பார்வையாளரும் மதிப்பீடும்

மதிப்பீடு மாலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் நடைபெறும். வருவோர் முதலில் படிகளைப் பார்த்து, "புதுசா என்ன வாங்கினேள்?" என்பர், இது வாங்கியவற்றுக்கான கேள்வி. பிறகு குனிந்து, "பார்க் யார் வெச்சது?" என்பர், இது செய்தவற்றுக்கான கேள்வி. விடை சொல்ல வேண்டியவர் கதவுக்குப் பின்னால் போய்விடுவார். பாட்டு ஒன்று, சுண்டல் ஒரு பொட்டலம், வெற்றிலை பாக்குடன் ரவிக்கைத் துணி என்று சடங்கு முடியும். உடன்வந்த குழந்தை ரயிலை எடுத்துவிட்டு அழுவது தனிச் சடங்கு.

12. கலைப்பு

விஜயதசமி இரவு ஆரத்தி எடுத்து, படியில் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பர். பூங்காவில் யாரும் படுக்க வைக்கப்படுவதில்லை. புல் தானாகவே படுத்திருக்கும். மறுநாள் இரவல் பொருள்கள் வீடு திரும்பும். மாடி வீட்டு ஜேசிபி மட்டும், அடுத்த ஆண்டும் தேவைப்படும் என்ற காரணத்தால், இரு வீட்டு ஒப்புதலுடன் பெட்டிக்குள் போகும். விமானம் இறங்க, விசிறி சுழலும். மணல் கீழே தொட்டிச் செடிகளுக்குப் போகும். எடுத்த இடத்தில் கொட்டுவதற்கில்லை, அங்கே இதற்குள் தளம் போட்டிருப்பார்கள். ஏரி கழுவித் துடைக்கப்பட்டுக் குளியலறை ஆணியில் மாட்டப்படும். வீட்டு ஆண்கள் பத்து நாள் மழிப்பின் விளைவைப் பார்த்துக்கொள்வர்.