ஓரம் வெட்டியவன் வாக்குமூலம்

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர்களில் இரண்டு ரகம். கடையில் கிடைக்கிற புத்தகத்தை வாங்கி நடத்திவிட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு ரகம், நிம்மதியானவர்கள். "புத்தகமெல்லாம் எதுக்கு, நானே எழுதுறேன்" என்று கிளம்புகிறவர்கள் இன்னொரு ரகம். திருமலைராயன்பட்டினத்தில் அந்த இரண்டாவது ரகத்துக்கு நான் ஒருத்தன் இருக்கிறேன்.

ஊரில் இதற்குக் கிராக்கி இல்லாமல் இல்லை. கீழவாஞ்சூரில் 2009-ல் துறைமுகம் வந்ததிலிருந்து, எக்ஸல் தெரிந்தால் உள்ளூரிலேயே ஒரு நாற்காலி கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. கல்லூரி முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதும் அக்காமார்கள் வருகிறார்கள். "ஃபைல் மெனுவில் பிரிண்ட்டை க்ளிக் செய்யவும்" என்று எழுதிக் கொடுத்தால், ஃபைல் மெனு எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் வைப்பது என்று முடிவெடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். படமெல்லாம் 'நீட்டாக' இருக்க வேண்டும் என்றும் முடிவெடுத்தேன்.

கருவி வீட்டிலேயே இருந்தது. காரைக்கால் பக்கம் பல குடும்பங்களுக்குப் பிரான்ஸில் ஒரு சொந்தம் இருக்கும். எனக்கு அக்கா மகன். விடுமுறைக்கு வந்தவன் தன் பழைய மேக்கை, "மாமா, நீங்க வச்சுக்குங்க" என்று விட்டுப்போனான். அதில் பிரெஞ்சுக் கீபோர்டு. நமக்குப் பழகிய கீபோர்டில் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும். எண் அடிக்க வேண்டுமானால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 1954 நவம்பர் 1-ம் தேதி காரைக்காலை விட்டுப் போன ஆட்சி, என் மேசைமேல் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

கமாண்ட், ஷிஃப்ட், நான்கு என்று மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால், மவுஸ் அம்பு ஒரு சின்ன கேமராவாகிவிடும். வேண்டிய விண்டோவின்மேல் வைத்து க்ளிக் செய்தால் அது மட்டும் தனியே படமாகும். கூடவே அதன் நிழலும் வந்துவிடும். சுற்றிலும் மெல்லிய சாம்பல், கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல். வெளிச்சம் மேலேயிருந்து விழுகிறது என்பது கணக்கு. விண்டோக்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும்போது எது முன்னால் இருக்கிறது என்று கண்ணுக்குச் சொல்வதற்கான ஏற்பாடு அது. மேக்கில் 2001-லிருந்தே உண்டு. மைக்ரோசாப்ட் பக்கம் மெனுவுக்கு முன்பே இருந்த நிழல், 2007-ல் விஸ்டா கடைக்கு வந்தபோதுதான் விண்டோவுக்கும் வந்தது. இந்தச் சரித்திரமெல்லாம் அடி வாங்கிய பிறகு படித்தது. அன்றைக்கு நான் கண்டதெல்லாம், என் டயலாக் பாக்ஸ்கள் வெள்ளைப் பக்கத்தில் மிதக்கின்றன என்பதுதான். முதல் அத்தியாயம் முழுவதையும் மிதக்கவிட்டேன்.

கறுப்பு லேசர் பிரிண்டருக்குச் சாம்பல் என்று ஒரு நிறம் கிடையாது. கறுப்பு டோனர் மட்டும்தான். அதையே பொடிப் புள்ளிகளாகத் தூவி நம்மைச் சாம்பல் என்று நம்ப வைக்கும். அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஜெராக்ஸை இன்னொரு ஜெராக்ஸ் எடுத்தபோது கடைத் தம்பி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்ன சார், எல்லாப் படத்துக்கும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மாதிரி கறுப்புக் கட்டம் கட்டியிருக்கீங்க. யாரு தவறிட்டாங்க?"

படத்தில் இருந்தது பேஜ் செட்டப்.

நிழலை வெட்டும் படலம் அன்று தொடங்கியது. மேக்கின் நிழல் பாதி ஊடுருவித் தெரிகிற நிழல். பிஎன்ஜி கோப்பில் அது அப்படியே நிற்கும்; ஜேபெக்கில் ஊடுருவலுக்கு இடமில்லை, மென்பொருளைப் பொறுத்து வெள்ளையாகவோ கறுப்பாகவோ மாறிவிடும். எனக்கு வாய்த்தது கறுப்பு. சரி, கையால் வெட்டுவோம் என்று உட்கார்ந்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, படத்தைப் பெரிதாக்கி, நிழல் எங்கே முடிகிறது, விண்டோ எங்கே தொடங்குகிறது என்று மூக்கு திரையில் இடிக்கப் பார்த்து, மவுஸால் கோடு இழுத்து வெட்டுவது. எங்கே முடிகிறது என்று தெரியாதபடி வரைவதுதானே நிழல்? ஒரு படத்தில் இடது ஓரம் கூடுதல், இன்னொன்றில் கீழ்ப்பட்டை காணோம், மூலைக்கு மூலை சாம்பல் பிசிறு. க்ளிக் செய்யும்போது ஆப்ஷன் கீயைப் பிடித்துக்கொண்டால் நிழலே விழாது என்று பிற்பாடு தெரிந்தது. அந்தக் கீ இத்தனை நாளும் என் இடது கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

ஆத்திரத்தில், நிழலே நிரந்தரமாக வேண்டாம் என்று மேக்குக்குச் சொல்ல டெர்மினலில் ஒரு வரி உண்டு என்று கண்டுபிடித்து, அதையும் அடித்தேன். அந்த வரியில் ஏ வரும் இடமெல்லாம் பழக்கதோஷத்தில் க்யூ விழுந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் வேலை செய்தது. நிழல் ஒழிந்தது. அத்தோடு விண்டோவும் காணாமல் போனது. வெள்ளை விண்டோ, வெள்ளைத் தாள், நடுவில் எல்லை இல்லை. படம் எங்கே முடிகிறது, என் பாடம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல், "ஓகே, கேன்சல்" என்பதையும் பாடத்தின் ஒரு வரியாக ஒரு பையன் வாய்விட்டு வாசித்தான். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் சுற்றி மெல்லிய கோடு போட்டேன்.

ஸ்பைரல் பைண்டிங் போட்டு வகுப்பில் கொடுத்த அன்று, குழுக் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் முதல் பக்கத்தையும் தன் முன்னால் இருந்த திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, புஸ்தகத்துல இடது பக்கம் மூணு பொட்டு இருக்கு. எங்க பெட்டியில வலது பக்கம் பெருக்கல் குறியில்ல இருக்கு?"

வகுப்பில் இருந்ததெல்லாம் விண்டோஸ் 10. நான் படம் பிடித்துப் பிடித்து ஓரம் செதுக்கியதெல்லாம் அங்கே எவருமே பார்த்திராத மேக். ஓரத்தைக் கவனித்த கவனத்தில் நடுவில் என்ன இருக்கிறது என்று ஒரு முறைகூட நான் பார்க்கவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் கிடையாது.

மறுபடியும் முதலிலிருந்து. விண்டோஸில் ஆல்ட்டோடு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினாலே முன்னால் உள்ள விண்டோ மட்டும் படமாகும். அதுவே போதும். ஆனால் எனக்கு ஒரு தனி மென்பொருள் தேவைப்பட்டது. இலவசம், பொத்தான்கள் அழகு. அது எடுத்த படங்களிலெல்லாம் இரு பக்கமும் கீழேயும் மெல்லிய வண்ணப் பட்டை. காரணம் சுவாரஸ்யமானது. விண்டோஸ் 10-ல் விண்டோவின் கோடு ஒரு பிக்ஸல்தான். அதை மவுஸால் பிடித்து இழுக்க முடியாது என்பதால், கோட்டுக்கு வெளியே சுமார் ஏழு பிக்ஸலுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடிமானம் வைத்திருக்கிறார்கள். விண்டோ எவ்வளவு பெரிது என்று பழைய முறையில் கேட்கும் மென்பொருளுக்கு, அந்தக் காணாத ஓரத்தையும் சேர்த்தே கணக்குச் சொல்லப்படும். அந்த ஓரத்தில் பின்னாலிருக்கும் வால்பேப்பர் எட்டிப் பார்க்கும்.

என் வால்பேப்பர் மாசி மகம். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் அன்றைக்கு எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். தேவியான தாயார் மீனவர் குலத்துப் பெண் என்பதால், மீனவர்கள் வாழும் பட்டினச்சேரிக்குப் பெருமாள் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு நடக்கும் வரவேற்பைப் படம் எடுத்துத் திரையில் வைத்திருந்தேன். ஆக, 'மெயில் மெர்ஜ்' பாடத்தின் இடது ஓரத்தில் கொஞ்சம் கடல், வலது ஓரத்தில் யாரோ ஒருவருடைய தோளும் துண்டும். பிள்ளைகள் மெயில் மெர்ஜை விட்டுவிட்டு அந்தத் துண்டு யாருடையது என்று ஆராய்ந்தார்கள். பட்டினச்சேரிப் பையன் ஒருவன் பக்கம் பக்கமாகப் புரட்டித் தன் சித்தப்பாவைக் கண்டுபிடித்துவிட்டான்.

இனி கை வேலையே வேண்டாம், மெஷினே வெட்டட்டும் என்று இமேஜ்மேஜிக்கைப் பிடித்தேன். 1987-ல் டுபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் கிறிஸ்டி என்பவர் எழுதத் தொடங்கிய மென்பொருள். இன்றைக்கும் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் 'ட்ரிம்' என்று ஒன்று உண்டு. படத்தின் மூலையில் என்ன நிறம் என்று பார்க்கும். அதே நிறத்தில் ஓரமாக ஓடும் வரிசைகளையெல்லாம் உரித்துவிடும். அருமையான வேலை, நிறம் சுத்தமாக இருந்தால். என் படங்களில் பாதி வாட்ஸ்அப் வழியாகப் போய் வந்தவை. வாட்ஸ்அப் படத்தை ஜேபெக்காக நசுக்கும்போது வெள்ளையில் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு ஏறும். ட்ரிம் அதை வேறு நிறம் என்று நினைத்து நின்றுவிடும். அதற்கும் மருந்து இருக்கிறது. 'ஃபஸ்' என்று ஒரு சதவீதம் கொடுத்தால், ஏறக்குறைய ஒரே நிறமாக இருந்தாலும் உரிக்கும். ஐந்து கொடுத்தேன், பலன் சுமார். தாராளமாக ஏற்றினேன்.

இந்த ஊரில் மண்மாரி பெய்து அழியட்டும் என்று காளமேகப் புலவர் வசை பாடியதாகக் கதை உண்டு. என் ஃபோல்டருக்கு அவ்வளவு பெரிய ஆள் தேவைப்படவில்லை. நோட்பேட் பாடத்தில் வெள்ளையும் வெள்ளைக்குக் கிட்டத்திலிருந்த சாம்பலும் ஓரம் என்று உரிக்கப்பட்டு, 'வணக்கம்' என்ற எழுத்து மட்டும் மிஞ்சியது. எக்ஸலில் கட்டங்கள் போய்க் கூட்டுத்தொகை மட்டும் நின்றது. நான் பயன்படுத்திய 'மோக்ரிஃபை' என்ற கட்டளை, வெட்டியதை மூலக் கோப்பின்மேலேயே எழுதும். எச்சரிக்கை முதல் பக்கத்திலேயே இருந்தது. மேலே இருந்ததால் தாண்டிப் போயிருக்கிறேன்.

இதற்குப் பிறகு வேர்டிலேயே படத்தை ஒட்டி, அதிலுள்ள க்ராப்பால் ஓரத்தை மறைப்பது என்று ஆனேன். மறைப்பது என்றுதான் சொல்ல வேண்டும். வேர்டு வெட்டியதைத் தூக்கி எறியாது. பக்கத்தில் தெரியாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். இது தெரியாமல் புத்தகத்தின் வேர்டு கோப்பையே வகுப்பில் எல்லாருக்கும் கொடுத்தேன். பிக்சர் ஃபார்மட் பாடம் நடந்த அன்று, எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்க்கும் ரகத்தில் ஒரு மாணவி, 'ரீசெட் பிக்சர் அண்ட் சைஸ்' என்பதை அழுத்தினாள். மின்கட்டணம் கட்டும் பாடத்தின் படம் விரிந்து பழைய முழு உருவத்துக்கு வந்தது. மேலே, நான் வெட்டியதாக நினைத்திருந்த பிரவுசர் டேப் வரிசை. ஒரு டேப்பில் 'சனிப்பெயர்ச்சி பலன்: மகரம்'. அடுத்ததில் 'வழுக்கையில் முடி வளர'.

"சார் மகர ராசியா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டாவது டேப்பைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. பார்வை மட்டும் என் தலைக்குப் போய் வந்தது. பத்து கிலோமீட்டர் சுற்றளவில் திருநள்ளாறு இருக்க, சனியை இணையத்தில் தேடுகிறவனுக்கு வேண்டியதுதான்.

ஆறுதலுக்கு ஒரு செய்தி கிடைத்தது. 2023 மார்ச்சில் சைமன் ஆரன்ஸ், டேவிட் புகானன் என்ற இருவர் ஒரு குறையை வெளியிட்டார்கள். கூகுளின் பிக்ஸல் போனிலேயே ஸ்கிரீன்ஷாட்டை க்ராப் செய்து சேமித்தால், சின்னதான புதிய படம் பழைய கோப்பின்மேல் எழுதப்படும். ஆனால் பழைய கோப்பின் வால் வெட்டப்படாமல் பின்னாலேயே கிடக்கும். அதை வைத்து வெட்டியதில் கணிசமான பகுதியை மீட்டுவிடலாம். சில நாளில் விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே கதை தெரியவந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஆதார் எண்ணையும் அக்கவுண்ட் எண்ணையும் வெட்டிவிட்டு அனுப்பிய பழைய படங்கள் எங்கெங்கோ அப்படியே இருக்கும். என் மண்டை ரகசியம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. வேர்டில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' போய், வெட்டிய பகுதியை நீக்கு என்ற கட்டத்தை டிக் செய்தால் நிஜமாகவே போய்விடும். இதை இப்போது முதல் பாடமாக நடத்துகிறேன்.

அட்டைப்படத்தையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி யூனியன் பிரதேச வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். நம் பிரதேசம் நாலு இடத்தில் கிடப்பது. வரைபடக்காரர்கள் புதுச்சேரியை நடுவில் போட்டுவிட்டு மற்ற மூன்றையும் மூலைக்கொரு பெட்டியில் வைப்பார்கள். ஓரம் கசகசவென்று இருக்கிறதே என்று வெட்டி அட்டையில் போட்டேன். மாஹேவும் ஏனாமும் போனதில் எனக்கு வருத்தமில்லை. காரைக்காலும் போயிருந்தது. நல்லவேளை, ஜெராக்ஸில் அது வரைபடம் என்றே யாருக்கும் தெரியவில்லை.

இப்போது புதிய பதிப்பு தயாராகிறது. நடுவில் ஒரு விஷயம் கவனித்தேன்: வகுப்புக்கு வராதவர்களுக்குப் பாடம் எப்படிப் போகிறது என்றால், அந்தக் குழுக் கணக்கு அக்கா மானிட்டரையே போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார். கோணல் படம். டியூப் லைட் வெளிச்சம் திரையில் அடிக்கிறது, குறுக்கே போனின் நிழல், வரிவரியாக அலை. நடுவில் அவருடைய ஆள்காட்டி விரல், க்ளிக் செய்ய வேண்டிய இடத்தின்மேல், மருதாணியோடு. அதைப் பார்த்து எல்லாரும் செய்துவிடுகிறார்கள். ஒரு சந்தேகம்கூட வருவதில்லை. எனக்கே மனசு கேட்காமல், "அக்கா, இதைப் புத்தகத்துல போட்டுக்கட்டுமா?" என்று கேட்டு வாங்கினேன்.

கோணலை நிமிர்த்தினேன். வெளிச்சத்தைக் குறைத்தேன். நிழலை எடுத்தேன். விரல் கொஞ்சம் உறுத்தியதால், அதையும் அழித்து, அந்த இடத்தைப் பக்கத்துப் பிக்ஸலை வைத்து நிரப்பினேன். சாம்பிள் பிரதியை அக்காவிடம் நீட்டியபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க அழுத்தணும்?"